இடிந்து மூடிய குகைகளைத் தரை ஊடுருவு ரேடாரால் படமாக்கல்: டெக்சாசு எல்லன்பர்கர் கார்பனேட்டுப் பாறைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுண்ணாம்புப் பாறையிலும் டோலமைட்டிலும் நிலத்தடி நீரால் அரிக்கப்பட்டு உருவாகும் குகைகள், காலப்போக்கில் கூரை இடிந்து, வண்டல் நிரம்பி, மேலே படியும் அடுக்குகளின் பாரத்தால் இறுகி மீண்டும் பாறையாகின்றன. இவ்வாறு மூடிய தொல்குகைகளில் வெற்றிடம் எஞ்சுவது அரிது. எனவே வெற்றிடத்தைத் தேடும் முறைகளால் இவற்றைக் கண்டறிய இயலாது. தரை ஊடுருவு ரேடார் இவற்றை எவ்வாறு படமாக்குகிறது, அப்படத்தில் காணப்படும் ஒழுங்கின்மையைக் குகை இடிவின் சான்றாகக் கொள்வதற்கு எத்தகைய துணைச்சான்றுகள் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நடுடெக்சாசின் மார்பிள் ஃபால்சு நகரருகே உள்ள எல்லன்பர்கர் டோலமைட் களம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொல்குகை, தரை ஊடுருவு ரேடார், கார்பனேட்டுப் பாறை, உடைதுண்டுப் பாறை, எல்லன்பர்கர், ஒப்புமை விடுதிறன்.

முன்னுரை

நிலத்துள் அமைந்த குகையைக் குறிக்கத் தமிழில் குகை, முழை, அளை, விடர், பிலம் எனப் பல சொற்கள் உண்டு. இவற்றுள் விடர் மலைப் பிளவையும், அளை உயிரினம் உறையும் வளையையும், பிலம் நிலத்தின் கீழ் நீண்டு செல்லும் வழியையும் சிறப்பாகச் சுட்டும். இச்சொற்கள் அனைத்துக்கும் பொதுவான பொருட்கூறு ஒன்றுண்டு. உள்ளே புகத்தக்க வெற்றிடம் என்பதே அது. புவியியலார் ஆராயும் தொல்குகைக்கு அந்த இயல்பு பெரும்பாலும் இல்லை. ஒரு காலத்தில் வெற்றிடமாக இருந்து, இன்று முழுவதும் பாறையாக உள்ள ஒன்றையே அவர்கள் தொல்குகை என்கின்றனர். புகுவதற்கு வழியில்லாத, குகை வடிவமும் எஞ்சாத ஒன்றைக் குகை என்று அழைப்பது முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விடத்துப் பாறையின் உடைவு, நிறைவு, நுண்துளைத் தன்மை ஆகிய அனைத்தையும் தீர்மானித்தது அப்பழைய வெற்றிடமே ஆதலின் பெயர் பொருத்தமானதே.

இத்தகைய குகைகளை அறிவதில் இருவகைப் பயன் உண்டு. உலகின் எண்ணெய், எரிவளித் தேக்கங்களுள் குறிப்பிடத்தக்க பல, ஆழத்தில் புதைந்த இடிந்த குகைத் தொகுதிகளில் அமைந்தவை. மேற்கு டெக்சாசில் ஆழத்தில் உள்ள எல்லன்பர்கர் தொகுதி இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். மறுபுறம், மேற்பரப்பை ஒட்டிய கார்பனேட்டுப் பாறைகளில் இடிவு இன்றும் தொடர்கிறது. 1981 மே மாதத்தில் புளோரிடா மாநிலத்து விண்டர் பார்க் நகரில் திடீரெனத் தோன்றிய அமிழ்குழி ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்கு விரிந்து வீட்டையும் வாகனங்களையும் உள்வாங்கியது. குகை இடிவு என்பது முடிந்துபோன வரலாறு மட்டுமன்று என்பதற்கு அதுவே போதிய சான்று.

குகை இடிந்து மூடும் முறை

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கும்போது கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. இதுவரை பாடநூல்களும் கூறும். ஆயின் இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அமில நீர் பாறையில் சில மீட்டர் செல்வதற்குள்ளேயே கரைக்கும் வலுவை இழந்து நிறைநிலை எய்திவிடும். அவ்வாறாயின் ஆழத்தில் பெருங்குகைகள் தோன்றியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையளித்தவர்களுள் சுவிட்சர்லாந்து அறிஞர் ஆல்ஃபிரெட் போக்லி குறிப்பிடத்தக்கவர். வெவ்வேறு அளவு கார்பன் டை ஆக்சைடு கொண்ட, தனித்தனியே நிறைநிலை எய்திய இரு நீர்கள் கலக்கும்போது, அக்கலவை மீண்டும் கரைக்கும் ஆற்றல் பெறும் என்பதை அவர் 1964இல் விளக்கினார். கலப்பு அரிப்பு எனப்படும் இந்நிகழ்வு, வெடிப்புகள் சந்திக்கும் இடங்களில் குகைகள் மிகுவதற்கும், கடலோரக் கார்பனேட்டு மேடைகளில் நன்னீரும் உவர்நீரும் சேரும் மட்டத்தில் குகைகள் திரள்வதற்கும் காரணங்களுள் ஒன்றாகிறது.

குகை நீர் நிரம்பி இருக்கும்வரை அதன் கூரைக்கு ஒரு தாங்கல் உண்டு. பாறையின் அடர்த்தி நீரினும் 2.7 மடங்கு எனக் கொண்டால், நீரின் மிதப்புவிசை கூரைப் பாறையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியானதைத் தாங்குகிறது. கடல்மட்டமோ நிலத்தடி நீர்மட்டமோ தாழ்ந்து நீர் வடிந்தவுடன் அத்தாங்கல் நீங்குகிறது. கூரையின் அடுக்குகள், இருமுனையும் தாங்கப்பட்ட உத்திரங்கள்போல் நடுவில் தொய்கின்றன, வெடிக்கின்றன, விழுகின்றன. ஓர் அடுக்கு விழுந்ததும் அதன் மேலடுக்கு உத்திரமாகிறது. இவ்வாறு வெற்றிடம் மேல்நோக்கி ஏறுகிறது.

இந்த ஏற்றம் முடிவின்றித் தொடர்வதில்லை. காரணம் எளியது. உடைந்த பாறை, உடையாத பாறையைவிட மிகுந்த இடத்தை அடைக்கும். வீட்டுச் சுவரை இடித்தவர் அறிவார். சுவர் இருந்த இடத்தைக் காட்டிலும் இடிபாட்டுக் குவியல் பெரிது. உடைவினால் கன அளவு நான்கில் ஒரு பங்கு பெருகுவதாகக் கொண்டால், 10 மீட்டர் உயரக் குகை தன்னைத்தானே அடைத்துக்கொள்ள அதன் மேலுள்ள 40 மீட்டர் பாறை இடிய வேண்டும். அதாவது, மூல வெற்றிடத்தைப்போல் ஐந்து மடங்கு உயரமுள்ள உடைபாறைத் திரள் உருவாகிறது. தொல்குகையைப் பற்றிய ஆராய்ச்சியில் இக்கணக்கு இன்றியமையாதது. இன்று காணும் உடைபாறைத் திரளின் உயரத்தை அன்றைய குகையின் உயரமாகக் கொள்வது, கேணியின் ஆழத்தை அதைச் சுற்றிய மண்மேட்டைக்கொண்டு அளப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்த கட்டம் புதைவு. மேலே புதிய படிவுகள் சேரச்சேர, எஞ்சிய வழிகளும் நொறுங்குகின்றன. துண்டுகளுக்கு இடையிலான இடைவெளிகள் இறுகுகின்றன. டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் நிலவியல் பணியகத்தைச் சேர்ந்த இராபர்ட் லௌக்சு 1999இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் இக்கட்டத்தின் ஒரு விளைவை வலியுறுத்தினார். அருகருகே இருந்த தனித்தனிக் குகைவழிகள் புதைவின்போது இடியுங்கால், அவற்றின் உடைவு வளையங்கள் ஒன்றையொன்று தொட்டு இணைகின்றன. முடிவில் எஞ்சுவது தனிக் குகைகளின் தொகுப்பன்று. அவையெல்லாம் சேர்ந்து உருவான ஒரே பெருந்திரள். இதனை இணைந்திடிந்த தொல்குகைத் தொகுதி எனலாம். ஒரு மனிதர் நடந்து செல்லத்தக்க அகலமுள்ள வழிகள் பல சேர்ந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுள்ள உடைபாறை நிலமாக மாறுவது இவ்வாறே.

உடைதுண்டுப் பாறையின் வகைகள்

கூர்முனைத் துண்டுகள் மீண்டும் ஒட்டி இறுகிய பாறையைப் புவியியலார் பிரெச்சியா என்பர். இங்கு உடைதுண்டுப் பாறை எனப்படுகிறது. இதனுள் துண்டுகள் எவ்வளவு இடம்பெயர்ந்துள்ளன என்பதே வகைப்பாட்டின் அடிப்படை. மெல்லிய வெடிப்புகள் மட்டும் ஓடி, துண்டுகள் தத்தம் இடத்திலேயே நிற்பது வெடிப்புவகை. துண்டுகள் சற்று விலகியும் திரும்பியும் இருந்தாலும், மனத்தால் பொருத்திப் பார்த்தால் பழைய அடுக்கு மீளத் தோன்றுவது மொசைக்வகை. எத்துண்டு எங்கிருந்து வந்தது என்று கூற இயலாதவாறு கலந்திருப்பது குழம்பியவகை. முதலிரண்டும் பெரும்பாலும் குகைக் கூரையின் மேற்பகுதியிலும் பக்கச் சுவர்களிலும் அமையும். மூன்றாவது குகையின் உட்பகுதிக்கு உரியது. இவற்றோடு, ஓடுநீர் கொணர்ந்து சேர்த்த களிமண்ணும் வண்டலும் துண்டுகளுக்கிடையே நிரம்பியிருக்கும்.

இவ்வகைப்பாடு பெயரளவில் நிற்பதன்று. வெடிப்புவகைப் பாறையில் வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்ந்து, எண்ணெயும் நீரும் ஓடுவதற்கு வழிதரும். வண்டல் நிரம்பிய பகுதியோ அவ்வோட்டத்தைத் தடுக்கும். மேற்கு டெக்சாசு எல்லன்பர்கர் தேக்கங்களை ஆராய்ந்த சார்லசு கெரன்சு 1988இல் இதனைத் தெளிவாக்கினார். மேலே உடைந்த குகைக் கூரை, நடுவில் வண்டல் செறிந்த குகை நிறைவு, கீழே இடிபாட்டு மண்டலம் என அவர் பிரித்துக் காட்டினார். நடுவிலுள்ள நிறைவுப் பகுதி மேலும் கீழும் உள்ள தேக்கங்களைப் பிரிக்கும் தடுப்பாக அமைகிறது. ஒரு கிணறு மேற்பகுதியை மட்டும் தொட்டு நின்றால், கீழ்ப்பகுதியின் எண்ணெய் அங்கேயே தங்கிவிடும்.

ரேடார் அலையும் கார்பனேட்டுப் பாறையும்

தரை ஊடுருவு ரேடார் தமிழ் ஆய்வாளர்க்கு முற்றிலும் புதியதன்று. தமிழ்நாட்டு அகழாய்வுகளிலும் இக்கருவி பயன்பட்டுள்ளது. நிலத்தின்மேல் வைக்கப்படும் ஓர் அலைவாங்கி மிகக் குறுகிய மின்காந்தத் துடிப்பைக் கீழே செலுத்துகிறது. மற்றோர் அலைவாங்கி திரும்பிவரும் எதிரொலிப்பைப் பதிவுசெய்கிறது. பதிவாவது ஆழமன்று, காலம். துடிப்பு சென்று மீள எடுத்த நானோ நொடிகளை ஆழமாக மாற்றப் பாறையினுள் அலையின் வேகம் தெரிய வேண்டும்.

அவ்வேகத்தைத் தீர்மானிப்பது பாறையின் ஒப்புமை விடுதிறன். வெற்றிடத்தில் மின்காந்த அலை ஒரு நானோ நொடிக்கு 0.3 மீட்டர் செல்லும். இதனை ஒப்புமை விடுதிறனின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பாறையில் வேகம் கிட்டும். இறுகிய கார்பனேட்டுப் பாறையின் ஒப்புமை விடுதிறன் 9 எனக் கொண்டால் வேகம் நானோ நொடிக்கு 0.1 மீட்டர். ஆகவே 100 நானோ நொடியில் மீளும் எதிரொலிப்பு 5 மீட்டர் ஆழத்திலிருந்து வருவது. 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 1 மீட்டராகும். செங்குத்தாகப் பிரித்துணரத்தக்க தடிப்பு அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சென்டிமீட்டர். அதிர்வெண்ணை 50 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் மேலும் ஆழம் காணலாம். ஆனால் பிரிதிறன் 50 சென்டிமீட்டராகத் தளரும்.

அலையின் வலுவைக் கெடுப்பது மின்கடத்துத்திறன். இதில் கார்பனேட்டுப் பாறை நற்பேறு பெற்றது. மீட்டருக்கு 1 மில்லிசீமென்சு கடத்துத்திறன் கொண்ட தூய பாறையில் அலை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபெல் மட்டுமே இழக்கிறது. 10 மீட்டர் ஆழம் சென்று மீண்டாலும் இழப்பு 11 டெசிபெல். ஈரக் களிமண்ணின் கடத்துத்திறன் 100 மில்லிசீமென்சு எனில், அதே கணக்கில் இழப்பு மீட்டருக்கு 40 டெசிபெல்லைத் தாண்டும். ஒரே ஒரு மீட்டர்த் தடிப்புள்ள களிமண் அடுக்கை அலை இருமுறை கடந்தால் 80 டெசிபெல்லுக்கும் மேல் கரைந்துவிடும். மண்போர்வை நீக்கப்பட்ட கல்லுடைப்புக் குழிகள் இவ்வகை ஆய்வுக்கு விரும்பப்படுவதன் காரணம் இதுவே. அங்கே குழியின் சுவர்களில் வெட்டுமுகமும் கிடைக்கிறது. ரேடார் கூறுவதைக் கண்ணால் சரிபார்க்கவும் இயல்கிறது.

திறந்த குகையும் இடிந்த குகையும்

வெற்றிடமுள்ள குகையை ரேடார் எளிதில் காட்டும். பாறைக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒப்புமை விடுதிறன் 9 உள்ள பாறையிலிருந்து 1 உள்ள காற்றுக்குள் அலை நுழையுமிடத்தில் வீச்சில் பாதி எதிரொலிக்கிறது. குகை நீரால் நிரம்பியிருப்பின், நீரின் விடுதிறன் 80ஐ ஒட்டியதாதலால், அங்கும் பாதியளவே எதிரொலிக்கும்; ஆனால் அலையின் கட்டம் தலைகீழாகும். ஆகவே எதிரொலிப்பின் குறியைக் கொண்டு காற்றா நீரா என்றும் ஓரளவு ஊகிக்கலாம்.

இங்கும் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. 3 மீட்டர் உயரமுள்ள காற்றுக் குகையை அலை கடந்து மீள 20 நானோ நொடி போதும். படத்தை ஆழமாக மாற்றுகையில் பாறையின் வேகத்தையே குகைக்கும் பொருத்தினால், அது 1 மீட்டர் உயரமே உள்ளதாகத் தோன்றும். நீர் நிரம்பிய குகையில் இதற்கு நேர்மாறு. 3 மீட்டர் ஏறத்தாழ 9 மீட்டராகத் தெரியும். வேகத்தைச் சரிபாராமல் வெளியிடப்படும் குகை உயரங்களை ஐயத்துடன் நோக்குவது முறை.

இடிந்து மூடிய குகையின் நிலை முற்றிலும் வேறு. அங்குள்ளவை டோலமைட் துண்டுகளும் அவற்றை ஒட்டும் டோலமைட்டோ கால்சைட்டோ வண்டலோ ஆகும். விடுதிறன் 9 உள்ள துண்டுக்கும் 8 உள்ள இணைப்புப் பொருளுக்கும் இடையே எதிரொலிப்பு வீச்சில் 3 விழுக்காடே. இடியாத பாறையின் அடுக்குகளுக்கு இடையிலும் வேறுபாடு இவ்வளவே. அவ்வாறாயின், இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? எதிரொலிப்பின் வலுவால் அன்று, அதன் தொடர்ச்சியால். இடியாத அடுக்கில் அந்த மூன்று விழுக்காட்டு எதிரொலிப்பு, பல பத்து மீட்டர் தொலைவுக்கு இடையறாத கோடாக ஓடுகிறது. இடிந்த பகுதியில் அதே வலுவுள்ள எதிரொலிப்புகள் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் தனித்தனியே எழுந்து, ஒன்றோடொன்று மோதிச் சிதறுகின்றன. திறந்த குகையைத் தேடுவோர் படத்தில் ஒளிரும் ஒன்றைத் தேடுவர். தொல்குகையைத் தேடுவோர் கோடுகள் எங்கே அறுபடுகின்றன என்று நோக்க வேண்டியுள்ளது.

சிதறலில் ஓரளவு வடிவ ஒழுங்கும் உண்டு. அலைநீளத்தினும் சிறிய துண்டு, தன்மேல் கருவி நகரும்போது படத்தில் அதிபரவளையமாகப் பதியும். இடத்திருத்தக் கணிப்பு என்னும் கணினிமுறை இவ்வளைவுகளைச் சுருக்கி மூலப்புள்ளிக்கே கொண்டுசேர்க்கும். அத்திருத்தம் செய்யாத படத்தில், 1 மீட்டர் அலைநீளமுள்ள அலைக்கு 8 மீட்டர் ஆழத்தில் 4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் முழுவதும் ஒரே எதிரொலிப்பாகத் தெரியும். அதனுள் கிடக்கும் தனித்தனித் துண்டுகள் புலப்படா. திருத்தம் சரிவர நிகழ அளவீட்டுக் கோடுகள் நெருங்கியிருத்தல் வேண்டும். கால் அலைநீள இடைவெளியில் இருதிசையிலும் அளந்தால்தான் முப்பரிமாணப் படம் முழுமை பெறும் என்பதை மார்க் கிராஸ்ம்யூக்கும் உடனாய்வாளரும் 2005இல் காட்டினர். இதன் விலை சிறிதன்று. 100 மீட்டர் நீள அகலமுள்ள சதுரத்தை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் அளப்பதற்குக் கருவியை 40 கிலோமீட்டர் இழுத்துச் செல்ல வேண்டும்.

மார்பிள் ஃபால்சு களம்

நடுடெக்சாசில் லானோ மேட்டைச் சுற்றி, கீழ் ஆர்டோவிசியன் காலத்து எல்லன்பர்கர் தொகுதி மேற்பரப்பில் வெளிப்பட்டுள்ளது. மேற்கே ஆழத்தில் எண்ணெய் தேக்கிய அதே தொகுதி இங்கே காலடியில் கிடக்கிறது. பெர்னட் மாவட்டத்தின் லாங்ஹார்ன் குகை இத்தொகுதியில் அமைந்த திறந்த குகை. மக்கள் சென்று காண்பது. அதே மாவட்டத்து மார்பிள் ஃபால்சு நகரருகே உள்ள கல்லுடைப்புக் குழியிலோ, இடிந்து இணைந்த தொல்குகைத் தொகுதி ஒன்று புலப்பட்டது. டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் தாலசு வளாகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்மெக்கான், லௌக்சு முதலியோர் இக்களத்தில் ரேடார் அளவீடுகளை மேற்கொண்டு 1998, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் ஆய்வுகளை வெளியிட்டனர். குழியின் வெட்டுமுகங்கள், ஆழங்குறைந்த துளைமாதிரிகள், ரேடார்ப் படங்கள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டது இவ்வாய்வின் சிறப்பு.

ரேடார்ப் படத்தில் அவர்கள் மூவகை அமைப்புகளைப் பிரித்தனர். எதிரொலிப்புக் கோடுகள் தொடர்ந்து ஓடுமிடம் இடியாத அடுக்கு. கோடுகள் ஓரளவு தொடர்ந்தாலும் மடிப்புகளாலும் பெயர்ச்சிப் பிளவுகளாலும் குலைந்திருக்குமிடம் குலைவுற்ற அடுக்கு. தொடர்ச்சியே காணப்படாத குழம்பிய பகுதி, உடைதுண்டுப் பாறையும் வண்டலும் நிறைந்த குகைப் பகுதி.

துளைமாதிரிகளிலும் வெட்டுமுகத்திலும் இதைவிட நுணுக்கமான பிரிவுகள் தெரிந்தன. பெருந்துண்டுக் குழம்பல், சிறுதுண்டுக் குழம்பல், வண்டல் நிறைவு எனக் கண்ணால் பிரிக்கத்தக்கவை ரேடாரில் ஒரே குழப்பமாகவே தெரிகின்றன. இதனை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இம்மூன்றையும் ரேடாரால் தனித்துப் பிரிக்க இயலாது என வெளிப்படையாகவே எழுதினர். மேலே கெரன்சின் வகைப்பாட்டில் கண்டவாறு, நீர்மம் ஓடுமா ஓடாதா என்பதை முடிவுசெய்வது அந்த நுண்பிரிவே. ஆகவே ரேடார் அளிப்பது குகைத் தொகுதியின் வடிவமும் பரப்பும். அதன் உள்ளியல்பு அன்று.

ஆயினும் திருத்தம் ஒருதிசையில் மட்டும் நிகழ்வதன்று. துளைமாதிரியின் குறுக்களவு சில சென்டிமீட்டர். கூரையிலிருந்து விழுந்த 2 மீட்டர்ப் பாளம் ஒன்றின் நடுவே துளை இறங்கினால், மாதிரியில் ஒழுங்கான அடுக்கே தெரியும். ஆய்வாளர் அதனை இடியாத பாறை எனப் பதிவுசெய்ய நேரும். அடுக்கின் சாய்வு சுற்றுப்புறத்தோடு மாறுபட்டிருந்தால் ஐயம் எழலாம். பாளம் சாயாமல் விழுந்திருந்தால் அதுவும் இல்லை. அவ்விடத்தில் ரேடார்ப் படமே, கோடு பாளத்தின் இருபுறமும் அறுபடுவதைக் காட்டித் துளைமாதிரியைத் திருத்துகிறது.

குழப்பத்தை இடிவாகக் கொள்வதில் உள்ள இடர்

படத்தில் தொடர்ச்சி இன்மையே சான்றாகக் கொள்ளப்படும்போது, அவ்வின்மைக்கு வேறு காரணங்கள் உளவா எனத் தேடுவது ஆய்வாளர் கடமையாகிறது. உள. மேற்பரப்பை ஒட்டிய வெடிப்புகளில் தேங்கிய செம்மண், அலையை உறிஞ்சிக் கீழுள்ள ஒழுங்கான அடுக்கையும் மறைக்கும். இதில் வேறுபாடு காண வழியுண்டு. உறிஞ்சலால் வருவது வெறுமை. இடிவால் வருவது சிதறல். வீச்சைச் செயற்கையாகப் பெருக்கிக் காட்டும் படத்தில் மின்னிரைச்சலும் சிதறல்போல் தோன்றுமாதலால், பெருக்கத்துக்கு முந்தைய மூலப்பதிவை நோக்காமல் இவ்விரண்டையும் பிரிக்கலாகாது.

அடுத்தது காற்றின் வழி வரும் எதிரொலிப்பு. கல்லுடைப்புக் குழியின் செங்குத்துச் சுவரும், நிறுத்தியுள்ள பார வண்டிகளும், மின்கம்பங்களும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். அவை படத்தில் ஆழத்திலிருந்து வந்தவைபோலப் பதிந்து, உண்மையான கோடுகளைக் குறுக்கே வெட்டும். அவற்றின் வளைவு நானோ நொடிக்கு 0.3 மீட்டர் என்னும் காற்றின் வேகத்துக்குப் பொருந்துவதைக் கொண்டு இனங்காணலாம். மூன்றாவது, வெடிவைத்துக் கல் எடுத்த குழியின் தரையில் வெடியதிர்ச்சியால் உண்டான புதிய உடைவுகள். இவை மேலுள்ள ஓரிரு மீட்டரில் செறிந்து கீழே மறையும். பழைய இடிவோ பெரும்பாலும் கீழிருந்து மேலேறிய வடிவுடையது. கீழே அகன்றும் மேலே தொய்ந்த அடுக்குகளால் மூடப்பட்டும் இருக்கும். தொய்ந்த அடுக்கு, தொல்குகைக்கு மிக நம்பத்தக்க அடையாளங்களுள் ஒன்று. குழம்பிய பகுதியின் மேல் கோடுகள் கிண்ணம்போல் வளைந்து இறங்குவது, அடியில் இருந்த வெற்றிடம் அடைபட்டபோது மேலடுக்கு தாழ்ந்ததைக் காட்டுகிறது. உறிஞ்சலோ காற்று எதிரொலிப்போ இத்தகைய தொய்வை உண்டாக்குவதில்லை.

ஆழத்துத் தேக்கங்களுக்கான பயன்

ஆழத்தில் உள்ள எல்லன்பர்கரை ரேடார் எட்டாது. அங்கே பயன்படுவது நில அதிர்வலை. பாறையில் நொடிக்கு 6000 மீட்டர் வேகமும் 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்டால் அலைநீளம் 150 மீட்டர். பிரிதிறன் 38 மீட்டரை ஒட்டியது. அப்படத்தில் ஒரு தனிக் குகைவழி தோன்றுவதற்கே இடமில்லை. இணைந்திடிந்த பெருந்திரள் மட்டும் ஒரு தொய்வாகவோ மங்கலாகவோ தெரியலாம். எதிர்முனையில் கிணற்றின் துளைமாதிரி சில சென்டிமீட்டர் அளவில் பேசுகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே, அரை மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரையிலான அளவில் தொல்குகை எவ்வாறு அமையும் என்பதை அறிய மேற்பரப்பு ஒப்புமைக் களங்களும் ரேடாரும் துணைபுரிகின்றன. அருகருகே தோண்டிய இரு கிணறுகளுள் ஒன்றில் எண்ணெய் பெருகி, மற்றொன்று வறண்டிருப்பதன் காரணத்தை நில அதிர்வுப் படத்தில் தேடிச் சலித்த பொறியாளர்க்கு, குழம்பிய திரளும் இடியாத பாறையும் பத்திருபது மீட்டருக்குள் மாறிமாறி அமைவதைக் காட்டும் படம் புதிய விளக்கத்தைத் தந்தது.

ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. மார்பிள் ஃபால்சுப் பாறையும் ஒரு காலத்தில் புதைந்து, பின் மேலெழுந்து, மண்போர்வை அரிக்கப்பட்டு வெளிப்பட்டது. இன்று அதன் வெடிப்புகள் திறந்துள்ள அளவு, ஆழத்தில் பாரத்தின்கீழ் உள்ள வெடிப்புகளின் அளவாகாது. வடிவத்தைக் களத்திலிருந்து பெறலாம்; கசிவுத்திறனைப் பெறலாகாது. அதற்கு ஆழத்துத் துளைமாதிரியே வேண்டும்.

புளோரிடா போன்ற இடங்களில் வினா வேறாகிறது. அங்கே வீட்டின்கீழ் உள்ளது மணல். அதன்கீழ் பல இடங்களில் களிமண். அதன்கீழ்தான் சுண்ணாம்புப் பாறை. களிமண்ணில் அலை மடிவதால் குகையை ரேடார் நேரே காண்பது அரிது. அது காண்பது, மணலடுக்குகள் எங்கே கீழ்நோக்கி வளைந்து ஒழுகத் தொடங்கியுள்ளன என்பதையே. டெக்சாசின் டோலமைட்டில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன தொய்வும், புளோரிடாவின் மணலில் இப்போது நிகழ்ந்துகொண்டிருக்கும் தொய்வும் படத்தில் ஒரே வடிவில் பதிகின்றன. நின்றதையும் நிகழ்வதையும் ஒரு படத்தைக் கொண்டு பிரிக்க இயலாது. அதே கோட்டில் சில மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட வேண்டும்.